ரெசிஸ்டர் போட்டும் மீட்டரில் 12 வோல்ட்டே காட்டுகிறதே, ஏன்?

கேள்வி: 12 வோல்ட் அடாப்டரின் பிளஸ் வயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து, மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். அப்போதும் 12 வோல்ட்தான். ரெசிஸ்டர் வோல்ட்டைக் குறைக்கும் என்றுதானே படித்தோம்? போன் சார்ஜ் செய்ய 5 வோல்ட் வேண்டுமென்றால் எத்தனை ஓம் போடுவது?

பதில்:

உங்கள் ரெசிஸ்டரிலும் கோளாறு இல்லை, மீட்டரிலும் இல்லை. படித்ததில்தான் பாதி விட்டுப்போயிருக்கிறது. ரெசிஸ்டர் சும்மா இருக்கும்போது எதையும் குறைக்காது. அதன் வழியாகக் கரண்ட் ஓட வேண்டும். ஓடும் ஆம்பியரை ஓமால் பெருக்கினால் என்ன வருகிறதோ, அவ்வளவு வோல்ட் அதில் இறங்கும். கரண்ட் மாறினால் இறக்கமும் மாறும்.

நீங்கள் வைத்துப் பார்த்ததையே கணக்குப் போடுவோம். டிஜிட்டல் மீட்டர் வோல்ட் அளக்கும்போது அதன் உள்ளே பெரும்பாலும் 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம் இருக்கும். அதனால் ஓடிய கரண்ட் வெறும் 1.2 மைக்ரோ ஆம்பியர். அது உங்கள் 1 கிலோ ஓமில் இறக்கியது 1.2 மில்லிவோல்ட். 20 வோல்ட் ரேஞ்சில் இருக்கிற சாதாரண மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளம்தான், ஆனால் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ். இங்கே தென்னந்தோப்பும் போர்வெல்லும் வைத்திருப்பவர்களுக்கு ஓம் விதி, அதாவது மேலே சொன்ன பெருக்கல் கணக்கு, பெயரளவில் தெரியாமல் இருக்கலாம். ஆனால், "மோட்டார் ஓடாதப்போ 230 காட்டுது, சுவிட்சைப் போட்டதும் இறங்கிடுதுங்க" என்று சரியாகச் சொல்வார்கள். உங்கள் கேள்வியும் அதுவேதான்.

மீட்டர் பெட்டியிலிருந்து மோட்டார் ரூமுக்கு 150 மீட்டர் என்று வையுங்கள். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7.4 ஓம். போக வர 300 மீட்டர் என்றால் 2.2 ஓம். ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் இழுத்தால், வயரிலேயே 15 வோல்ட் போய்விடும். அது பரவாயில்லை. ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் ஐந்து மடங்கு இழுத்தால் இறக்கம் 70 வோல்ட்டைத் தாண்டலாம். மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். உடனே கப்பாசிட்டரை மாற்றுவார்கள், அப்புறம் மோட்டாரையே கழற்றி மேலே எடுப்பார்கள். வயரின் தடிமனைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. 6 ஸ்கொயர் வயராக இருந்தால் இறக்கம் பாதிக்கும் கீழே வந்துவிடும். சுவிட்சை அணைத்தாலும் வயரில் அதே 2.2 ஓம் இருக்கத்தான் செய்கிறது. கரண்ட் இல்லை, அதனால் இறக்கமும் இல்லை.

சரி, 5 வோல்ட்டுக்கு வருவோம். போன் 0.5 ஆம்பியர் எடுக்கும் என்று நம்பி, மிச்சம் 7 வோல்ட்டை இறக்க 14 ஓம் போடுகிறீர்கள். சார்ஜ் நிறைந்து போன் 0.1 ஆம்பியர் மட்டும் எடுக்கும்போது ரெசிஸ்டரில் இறங்குவது 1.4 வோல்ட். மீதி 10.6 வோல்ட் நேராகப் போனுக்கு. போன் அதோடு சரி.

இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். 6.8 கிலோவும் 4.7 கிலோவும் வரிசையாகப் போட்டு நடுவில் மீட்டர் வைத்தால் அழகாக 4.9 வோல்ட் காட்டும். அந்த இடத்தில் 0.5 ஆம்பியர் எடுக்க வேண்டிய லோடை, அதாவது 10 ஓமை, மாட்டிப் பாருங்கள்: 0.02 வோல்ட்கூட நிற்காது. சிக்னலுக்கும் சென்சாருக்கும் இந்த ஏற்பாடு நல்லது. பவர் கொடுக்க ஆகாது.

கரண்ட் ஓரளவு நிலையாக இருக்கும் இடத்தில் ரெசிஸ்டர் பிரமாதமாக வேலை செய்யும். சிவப்பு எல்.ஈ.டி. சுமார் 2 வோல்ட் எடுக்கும். மீதி 10 வோல்ட்டை 15 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 667. கடையில் கிடைப்பது 680 ஓம், அதன் மேல் இருக்கும் வளையங்களின் நிறம் நீலம், சாம்பல், பழுப்பு. அதில் எரிவது 0.15 வாட், கால் வாட் ரெசிஸ்டர் போதும். மேலே சொன்ன 14 ஓமிலோ 3.5 வாட் சூடாகும். கால் வாட்டைப் போட்டால் புகைதான்.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. இந்த விதியைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஜார்ஜ் ஓம் ஆரம்பத்தில் பேட்டரி வைத்துத்தான் சோதித்தார். கரண்ட் எடுக்க எடுக்க அதன் வோல்ட் நகர்ந்துகொண்டே இருந்ததால் அளவுகள் ஒட்டவில்லை. பிறகு செம்பும் பிஸ்மத்தும் சேர்த்த தெர்மோகப்பிளுக்கு, அதாவது வெப்ப வித்தியாசத்தில் வோல்ட் தரும் இரு உலோக இணைப்புக்கு, மாறினார். நிலையான அளவுகள் கிடைத்தன. அவர் புத்தகம் வந்தது 1827-ல்.

உங்களுக்கு வேண்டியது ஒரு பக் கன்வர்ட்டர் போர்டு, அதாவது கரண்ட் மாறினாலும் வோல்ட்டைக் குறைத்து நிலையாகத் தரும் சின்ன சர்க்யூட். எல்.எம். 2596 என்று கேட்டால் கொடுப்பார்கள். 7805 என்ற ரெகுலேட்டர் ஐ.சி.யும் 5 வோல்ட் தரும், ஆனால் மிச்ச 7 வோல்ட்டைச் சூடாகவே கழிக்கும், 0.5 ஆம்பியருக்கு ஹீட் சிங்க் இல்லாமல் தாங்காது. பக் போர்டில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருப்பி, மீட்டரில் 5 வோல்ட் வந்ததைப் பார்த்த பிறகு மட்டும் போனை மாட்டுங்கள். வாங்கி வரும்போது அது எத்தனை வோல்ட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது.