பதில்: 128 கிலோ எடைக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

வணக்கங்க. உங்க அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, உயரம் 165 செ.மீ., எடை 128 கிலோ, முழங்கால் வலியால் நிற்க முடியவில்லை, அட்டை கிடைக்குமா என்று கேட்டிருந்தீங்க.

எடையை மட்டும் காட்டினால் கிடைக்காதுங்க. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. உடல் பருமன் அதில் இல்லை. ஆனால் முழங்கால் தேய்ந்து நடப்பதே சிரமம் என்றால், கை கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் விண்ணப்பிக்கலாம். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், நிலையாக நிற்க முடிகிறதா என்று மருத்துவர்கள் பார்த்துத்தான் குறைபாட்டுக்குச் சதவீதம் போடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது வேண்டும். எலும்பு மருத்துவரின் சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்க. வெறும் எடைச் சீட்டோடு போய் அலையவேண்டாம்.

அப்புறம் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அண்ணனுக்கு 47 வருகிறது. நம்மவர்களுக்கு 25 தாண்டினாலே பருமன் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் அந்த எண்ணுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். மூட்டை தூக்கும் ஆளையும் குண்டு என்று சொல்லிவிடும். அதனால் இடுப்புச் சுற்றளவையும் பாருங்க: ஆணுக்கு 90 செ.மீ. வரை சரி. தையல் டேப்பே போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்கணும்.

என்னைக் கேட்டால், பருமனுக்கென்று தனி வகை வேண்டாம், நடக்க முடிகிறதா என்று பார்ப்பதே நியாயம். அட்டை வரும்வரை காத்திருக்காமல், உட்கார்ந்து செக்கிங் செய்ய ஒரு ஸ்டூல் தரச்சொல்லி சூப்பர்வைசரிடம் இப்போதே கேளுங்க.