தேவையற்ற மின்னஞ்சல்: விலகுவதா, அழிப்பதா?

கேள்வி: தினமும் வேண்டாத மின்னஞ்சல்கள் வந்து குவிகின்றன. ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்தினால் நிற்குமா, இன்னும் கூடுமா?

இரண்டுமே நடக்கும். அனுப்பியவர் யார் என்பதைப் பொறுத்தது.

துணிக்கடை, டிக்கெட் தளம் என்று நாமே எப்போதோ முகவரி கொடுத்த இடமென்றால் தயங்காமல் விலகலாம். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் இணைப்பைத் தேட வேண்டாம். பெரும்பாலும் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே ஜிமெயில் ஒரு பொத்தான் காட்டும், அது போதும். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேல் கடிதங்கள் அனுப்புகிறவர்கள், விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலக வழி வைத்தாக வேண்டும் என்று 2024இல் கூகுள் கட்டாயமாக்கியது.

முன்பின் தெரியாதவர் என்றால் உள்ளே எதையும் தொடாதீர்கள். அங்கே நீங்கள் அழுத்தும் ‘அன்சப்ஸ்கிரைப்’, ‘இந்த வீட்டில் ஆள் இருக்கிறது’ என்று திருடனுக்குக் குரல் கொடுப்பது போல. வெறுமனே அழிக்கவும் வேண்டாம். ‘ஸ்பேம்’ என்று புகார் செய்தால்தான் வடிகட்டி கற்றுக்கொள்ளும். ஸ்பேம் பெட்டி 30 நாளில் தானே காலியாகிவிடும். அதை உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

என்னை உண்மையில் ஆட்டிவைத்தது வேறொரு கடிதம். தலைப்பிலேயே என் கடவுச்சொல். “உன் கணினியின் கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பிட்காயின் அனுப்பாவிட்டால் உன் நண்பர்கள் அனைவருக்கும் அனுப்புவேன்” என்று மிரட்டல். வியர்த்துவிட்டது. மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துக் கேமராவின் மேல் ஒட்டினேன். (இன்றும் அங்கேதான் இருக்கிறது.)

மறுநாள்தான் மூளை வேலை செய்தது. அது எத்தனையோ வருடங்களுக்கு முன் ஒரு தளத்தில் நான் வைத்திருந்த கடவுச்சொல். ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் என் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன்; தளங்களிலிருந்து கசிந்த தகவல்களில் நம் முகவரியும் இருக்கிறதா என்று அது சொல்லும். கசிந்த பட்டியல் ஒன்றில் நான் இருந்தேன். மிரட்டியவனிடம் இருந்தது அந்தப் பட்டியல் மட்டுமே, படம் எதுவும் இல்லை. பதில் எழுதவில்லை, பணமும் அனுப்பவில்லை. ஆனால் அதே கடவுச்சொல்லைச் சோம்பலில் இன்னும் மூன்று இடங்களில் வைத்திருந்தேன்; அன்றே மாற்றி, மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் கேட்கும் வசதி) போட்டேன்.

‘வருமான வரித் துறை, உங்களுக்கு ரீஃபண்ட்’ என்று வருவதில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதைத் தட்டினால் பின்னாலுள்ள முழு முகவரி தெரியும். துறை மின்னஞ்சலில் பின் எண்ணோ கடவுச்சொல்லோ கேட்பதில்லை. சந்தேகமென்றால் இணைப்பை விட்டுவிட்டு, நீங்களே துறையின் தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

ஏற்கெனவே அழுத்திப் பணம் போயிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்துவிட்டு வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் அதை முடக்க முடியும்.