திருவையாற்றில் ரீஸ்லிங் திராட்சை வளருமா?

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் குடும்பமாக நடத்தும் பயோடைனமிக் (ஒருவகை இயற்கை வேளாண்மை) தோட்டம்போல, திருவையாற்று வயலில் வெள்ளை ஒயின் செய்யும் ரீஸ்லிங் திராட்சை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த வெள்ளை ஒயினுக்கு உயிரே புளிப்புதான். பழுக்கும் நாட்களில் இரவு குளிர்ந்தால்தான் காயிலுள்ள, புளிப்பு தரும் மாலிக் அமிலம் தங்கும். நம் வெக்கையில் அது வேகமாகக் குறைந்துவிடும். கொடி இலையுதிர்த்து உறங்கக் கடுங்குளிரும் இங்கில்லை. போதாததற்கு, ஐப்பசி அடைமழையில் களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும்.

ஆனால் பயோடைனமிக் ஆசையை விட்டுவிடாதீர்கள். 1924-இல் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிவைத்த முறை அது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்கப் புதைத்து, பிறகு தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பார்கள். கொம்பைவிட, ரசாயனத்தை நிறுத்தி மட்கு உரம் போடுவதில்தான் எனக்கு நம்பிக்கை. அதை உங்கள் மாப்பிள்ளைச் சம்பா வயலிலேயே தொடங்கலாம்.