தகனக்கூடத்தைத் துக்கத்துக்கும் சடங்குக்கும் ஏற்ற இடமாக வடிவமைப்பது எப்படி?

முதலில் காத்திருப்பை யோசியுங்கள். உடல் எரிய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை உட்கார பல இடங்களில் நாற்காலி வரிசை மட்டும்தான். ஸ்டாக்ஹோமில் குன்னார் அஸ்ப்லுண்ட் வடிவமைத்து 1940-ல் முடிந்த வனத் தகனக்கூடத்தில் சிறு வழிபாட்டுக் கூடங்களுக்குத் தனித்தனிக் காத்திருப்பு அறையும் முற்றமும் உண்டு, அதனால் அழுதுகொண்டு வெளியே வருகிறவர்கள் அடுத்த குடும்பத்தின் மேல் முட்டிக்கொள்வதில்லை. (அவரும் அதே ஆண்டில் இறந்து அந்த வளாகத்திலேயே அடக்கமானார்.)

பெர்லினின் ட்ரெப்டோ தகனக்கூடம் வேறு ரகம்: 29 கான்கிரீட் தூண்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் கூரை வழியே வெளிச்சம்.

சரி, உலையை மறைக்க வேண்டுமா? சத்தம் கேட்காமல் இருந்தால் போதும் என்பேன். உடல் உள்ளே போவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு ஜன்னலாவது வையுங்கள், உலையை இயக்கும் பொத்தானை யார் அழுத்துவது என்பதையும் குடும்பமே முடிவு செய்யட்டும்.