வன்னி மரம் இருக்கிற ஊர்தான், தைரியமாகக் கிளம்புங்கள்

போன இதழில் ராஜஸ்தானின் மேற்குக் கோடியில் இருக்கிற ஜெய்சல்மர் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குத் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கமிருந்து இத்தனை கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: தை அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு ஜெய்சல்மர் போகலாம் என்று ஆசை. "அவ்வளவு தூரம் போய் மணலைப் பார்க்கவா, நம்ம கொள்ளிடத்தில் இல்லாத மணலா?" என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?
- நன்னிலம் வாசகர்

பதில்: அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அதுதான் முதல் பதில். மணல் மேடு பார்க்கவே ஊரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் போக வேண்டும். ஊரைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் சரளையும் பாறையும் முட்புதரும்தான். ஊர் நம் மன்னார்குடி அளவு இருக்கும், அதன் நடுவில் ஒரு குன்று, குன்றின்மேல் மஞ்சள் கல்லில் கோட்டை. 1156-ல் ராவல் ஜெய்சல் என்ற அரசர் எழுப்பியது. 99 கொத்தளங்கள். மற்ற கோட்டைகள் மாதிரி டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வருகிற வெறும் சுவர் இல்லை, இன்றைக்கும் உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள், துணி காய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாடு குறுக்கே படுத்திருக்கிறது. மாலை ஆறு மணி வெயிலில் அந்தக் கல் மஞ்சளைக் குழைத்துப் பூசினது மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்துக்கு ஊருக்கு வெளியே ஏதாவது மேட்டில் நின்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கோட்டைக்குள் அறை எடுத்துத் தங்காதீர்கள். அந்தக் கோட்டை தண்ணீரால் கெட்டுக்கொண்டிருக்கிறது. குடத்தில் சுமந்து வந்து அளந்து செலவழித்த காலத்துக்காகக் கட்டிய இடம் அது. குழாயும் கழிப்பறையும் விடுதிகளும் பெருகியபின் கசிகிற நீர் அடியில் இருக்கும் மண்ணை இளக்கி, மதிலும் கொத்தளமும் சில இடங்களில் சரிந்தே போயின. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த கோட்டை, நம்முடைய குளியல் தண்ணீரால் விழ வேண்டுமா? கீழே ஊரில் தங்கி, நடந்து ஏறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அப்பாவை முதல் நாளே கடிசர் குளத்துக்கு அழைத்துப் போங்கள். 14-ஆம் நூற்றாண்டுக் குளம். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது, சுற்றியுள்ள சரிவுகளில் பெய்கிற மழையை மட்டும் பிடித்துவைத்து பல நூறு ஆண்டுகள் ஒரு ஊரே குடித்த தண்ணீர். படித்துறையில் உட்கார்ந்தால் திருவாரூர்க் கமலாலயக் குளக்கரையில் உட்கார்ந்த நினைப்பு வரும். குளத்துக்குப் போகிற வழியில் இருக்கும் பெரிய வாசலைத் தீலோன் என்ற கணிகை கட்டினாளாம். அவள் கட்டிய வாசலில் அரச குடும்பம் நுழைவதா என்று இடிக்கப் பார்த்தபோது, மேலே கண்ணனுக்கு ஒரு சன்னிதி எடுத்துவிட்டாள், யாராலும் கைவைக்க முடியவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். ராத்திரி குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும், அப்பாவுக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஜோத்பூர் வரை ரயில் உண்டு, அங்கிருந்து இன்னொரு ரயில், ஐந்தாறு மணி நேரம்.

கேள்வி: ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை என்கிறீர்கள். அங்கே விவசாயி என்று ஒருத்தர் இருக்க முடியுமா?
- வலங்கைமான் பக்கத்து விவசாயி ஒருவர்

பதில்: இருக்கிறார் ஐயா. கோதுமையும் கொண்டைக்கடலையும் எடுக்கிறார், அதுவும் ஒரு தண்ணீர்கூடப் பாய்ச்சாமல். எனக்கு அந்தப் பயணத்தில் கோட்டையைவிடப் பிடித்தது இதுதான்.

அங்கே ஆண்டு முழுக்கப் பெய்கிற மழை 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. நம் நாகைக் கரையில் புயல் நேரத்தில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த மழை விழுகிற தரை சரளைக் குன்று. உள்ளே இறங்காது, அப்படியே வழிந்து ஓடும். சரிவு முடிகிற பள்ளத்தில் குறுக்கே நீளமாக ஒரு மண்கரை போட்டு, அதில் மிஞ்சிய நீர் வழியக் கலிங்கும், நீரை வடிக்க மதகும் வைத்திருக்கிறார்கள். இதற்குக் கடீன் என்று பெயர். ஆடி ஆவணியில் பெய்கிற நாலைந்து மழையும் ஓடிவந்து கரைக்குள் நிற்கும், வண்டலை இறக்கும், மெல்லப் பூமிக்குள் போகும். ஐப்பசி வாக்கில் மிச்சம் நிற்பதை மதகு வழியாக வடித்துவிட்டு அந்த ஈரத்தில் விதைக்கிறார்கள். நாம் சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிட்டு, அறுப்புக்கு அப்புறம் மிச்ச ஈரத்திலும் பனியிலும் எடுத்துவிடுகிறோம் இல்லையா, அதே கணக்கு.

நான் போனது மாசியில். ஒரு கடீனுக்குள் இறங்கிக் குச்சியால் கீறிப் பார்த்தேன். மேலே நாலு விரற்கடைக்குப் புழுதி. அதற்குக் கீழே, கையில் எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை பிடித்த மாதிரி விரல் தடத்தோடு நிற்கிற மண். கடைசி மழை பெய்து நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த உருண்டையை என் கையிலிருந்து வாங்கி, எடுத்த குழியிலேயே வைத்து மூடினார்.

இதில் கைதேர்ந்தவர்கள் பாலிவால் என்ற சமூகத்தார். அவர்கள் விட்டுப்போன ஊர்களில் ஒன்று குல்தரா, ஜெய்சல்மரிலிருந்து 18 கிலோமீட்டர். 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காலியானது. பேய் ஊர் என்று சொல்லிக் கூட்டிப் போவார்கள், அந்தக் கதையை விடுங்கள், வீடுகளின் வரிசையையும் தெருவின் நேரையும் பாருங்கள். ஜெய்சல்மர் அரசின் திவானுடைய கொடுமை தாங்காமல் போனார்கள் என்பது ஒரு கதை, தண்ணீர் வற்றிப் போனார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் நடந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. வரியும் தண்ணீரும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடித்தால் உழுகிறவன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியாததா?

இப்போது பஞ்சாபில் தொடங்குகிற இந்திரா காந்தி கால்வாய் அந்த மாவட்டம் வரை வந்துவிட்டது. ஜெய்சல்மர் அதன் கடைமடை. கடைமடைக்காரர் பாடு எங்கேயும் ஒன்றுதான்.

கேள்வி: மணல் மேட்டில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க வேண்டும். எங்கே நல்லது?
- திருவாரூர் கல்லூரி மாணவர்

பதில்: சாம் மணல் மேடு பேர் பெற்றது, ஆனால் கூட்டம், ஜீப், ஒலிபெருக்கி. கூரி என்ற கிராமம் தென்மேற்கே இருக்கிறது, கொஞ்சம் அமைதி. ஒலிபெருக்கி வைக்காத இடமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள் தம்பி. இது உங்கள் தூக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பக்கம்தான் பாலைவன தேசியப் பூங்கா, 3,162 சதுர கிலோமீட்டர், கானமயிலுக்குக் கடைசிப் புகலிடம். ஆள் இடுப்பளவு உயரம், 15 கிலோ வரை எடை, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில். ஒரு காலத்தில் தமிழ்நாடு வரைக்கும் இருந்த பறவை. இன்று காட்டில் சுமார் 150 தான் மிச்சம். இந்தப் பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது, கனத்த உடம்பு என்பதால் சட்டென்று திரும்பவும் முடியாது, அதனால் மின்கம்பியில் மோதிச் சாகிறது. வனத்துறை அனுமதித்த வழியில் வழிகாட்டியோடு விடியற்காலையில் போங்கள், ஜீப்பைப் பாதையை விட்டு இறக்கச் சொல்லாதீர்கள். நான் அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒன்றே ஒன்று பார்த்தேன். வெள்ளைக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, வரப்பில் நடக்கிற ஆள் மாதிரி நிதானமாகப் போயிற்று.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். காய்கறி விளையாத ஊரில் என்ன சாப்பிடுவது?
- மன்னார்குடி வாசகி

பதில்: கவலையே வேண்டாம் அம்மா, கேர் சாங்கரி என்று கேளுங்கள். கடைத்தெருவில் சாக்கு வாயைத் திறந்துவைத்து, காய்ந்த குச்சி மாதிரி பழுப்பு நிறத்தில் ஒன்றைக் குவித்திருப்பார்கள். அதுதான் சாங்கரி. கேர் என்பது மிளகைவிடப் பெரிதாக இருக்கிற ஒரு புதர்க்காய். இரண்டையும் ஊறவைத்து, காய்ந்த மிளகாயும் மாங்காய்த் தூளும் போட்டு எண்ணெயில் வதக்கித் தருவார்கள், கூடவே கம்பு ரொட்டி. நாம் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் வற்றல் போட்டு வைத்துக்கொள்கிற மாதிரி, காய் இல்லாத மாதங்களுக்கு அவர்களுடைய ஏற்பாடு.

அந்தச் சாங்கரி என்ன காய் தெரியுமா? வன்னிக் காய். அங்கே கேஜ்ரி என்கிற மரமும் நாம் விஜயதசமிக்கு அம்பு போடும் வன்னியும் ஒன்றேதான். கடைக்காரர் கை காட்டிய மரத்தடிக்குப் போய் இலையைக் கிள்ளிப் பார்த்தேன், எங்கள் ஊர்க் கோவில் பிரகாரத்தில் நான் சிறு வயதில் பறித்த அதே பொடி இலை, அதே சிறு முள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். நமக்குத் தல விருட்சம். அவர்களுக்கு ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, சோற்றுக்குக் கறி, வெயிலுக்கு நிழல் எல்லாமே அதுதான். 1730-ல் ஜோத்பூர் அரண்மனைக்காக இந்த மரங்களை வெட்ட ஆள் வந்தபோது, கேஜ்ரலி கிராமத்தில் அம்ருதா தேவி என்ற பிஷ்னோய் சமூகத்துப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்தார். அவரோடு சேர்த்து 363 பேர். ஜோத்பூரில் இறங்கும்போது நேரமிருந்தால் அந்த ஊருக்கும் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: ஜெய்சல்மர் பக்கத்தில் கல்மரம் இருக்கிறதாமே?
- கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: இருக்கிறது டீச்சர். ஆகல் என்ற இடம், பார்மர் சாலையில் 17 கிலோமீட்டர். சுமார் 18 கோடி ஆண்டுக்கு முந்தைய அடிமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இன்று புல்லுக்கே பஞ்சமான அந்த இடம் அன்றைக்குக் காடு. ஆனால் இதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் படுத்திருக்கிறது. கடல் அதுவரை வந்திருந்த கிரெட்டேசியஸ் காலத்து மரம். காலையில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்பலாம்.

கேள்வி: வயது 74, முழங்கால் வலி. நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போது ஆசையாக இருக்கிறது, போகத்தான் முடியாது. பக்கத்தில் இந்த மாதிரி வறண்ட வெளி எதாவது உண்டா?
- திருத்துறைப்பூண்டி பெரியவர்

பதில்: உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே ரயில் ஏறுங்கள் ஐயா. மீட்டர் கேஜ் போனபின் வெகுகாலம் நின்றிருந்த பாதை, 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திறந்துவிட்டார்கள். அகஸ்தியன்பள்ளி வரை 37 கிலோமீட்டர். வயலும் தென்னையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வேதாரண்யம் தாண்டியதும் கண்ணுக்கு எட்டினவரை உப்பளம். பாத்தி பாத்தியாக வெளுத்த தரை, வாரிக் குவித்த உப்பு, மழை வருமுன் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடியிருப்பார்கள். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கிய ராஜாஜி, 30-ஆம் தேதி இந்த அகஸ்தியன்பள்ளியில்தான் உப்பு அள்ளிக் கைதானார். நினைவுத் தூண் இருக்கிறது.

அங்கிருந்து வண்டி வைத்துக்கொண்டு கோடியக்கரை. 1967-லிருந்து சரணாலயம். திருகுக் கொம்போடு கறுப்பும் வெள்ளையுமாக நிற்கிற வெளிமான் கிடாவை, நடக்காமல், வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், மாலை நாலு மணிக்கு மேல் புல்வெளிக்கு வரும். வீட்டுக் குதிரைகள் காட்டுக்குள் போய்ப் பெருகியிருக்கின்றன. மார்கழி, தையில் போனால் சதுப்பில் பூநாரைக் கூட்டம். ராமர் பாதம் என்கிற மணல்மேடுதான் அங்கே உயரமான இடம், அதுவே 4 மீட்டர்தான், முழங்காலுக்குப் பயமில்லை. கோடிக்குழகர் கோவிலில், இந்தக் கடற்காற்றில் துணைக்கு யாருமில்லாமல் இருக்கிறீரே என்று சுந்தரர் சிவனிடம் உருகியது இந்த இடத்தைப் பார்த்துத்தான். இன்றைக்கும் அங்கே நின்றால் அந்த வருத்தம் புரியும்.

காட்டுக்குள் சீமைக்கருவேலம் நிறைய ஏறியிருக்கிறது, பார்க்க வேதனையாக இருக்கும். ராஜஸ்தானிலும் இதே தொல்லை. அங்கே அதை விலாயதி பபூல் என்கிறார்கள், விலாயதி என்றாலும் சீமை என்றாலும் ஒன்றே. வன்னிக்கு நெருங்கிய உறவுதான், குணம் மட்டும் வேறு.

திரும்பும்போது வேதாரண்யேசுவரர் கோவிலில் இறங்கிக்கொள்ளுங்கள். வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனால் சரியாக இருக்கும். அங்கே தல விருட்சம் வன்னி. இலை ஒன்று உதிர்ந்து கிடந்தால் எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். ஜெய்சல்மர் கடைத்தெருவில் நான் கிள்ளிப் பார்த்தது அதைத்தான்.