சண்டிகர் மியூசியங்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

போன மாதம் சண்டிகர் போய் வந்ததும் படங்களை நம் கட்டுமான நண்பர்கள் குழுவில் போட்டேன். கட்டடப் படங்களை யாரும் சீண்டவில்லை. ஒரு நாற்காலிப் படத்துக்கு மட்டும் கேள்வி மேல் கேள்வி. அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. போனில் தனித்தனியாகச் சொல்லி முடியாது என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பட்டம் வாங்கிய ஆர்க்கிடெக்ட் இல்லை. கிருஷ்ணகிரியில் வீட்டுக்கு பிளான் வரைந்து கொடுத்துப் பிழைக்கிற டிராஃப்ட்ஸ்மேன். சண்டிகருக்கு இது மூன்றாவது முறை, அவ்வளவுதான்.

சார், மியூசியம் என்கிறீர்கள், ஊர் என்கிறீர்கள். பார்க்கப் போனது எதை? (ஓசூர், ஐ.டி. ஊழியர்)

இரண்டையும்தான். 1947ல் நாடு பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. வயலும் கிராமங்களுமாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு ஊர் போட்டார்கள். அந்த ஊர் எப்படி உருவானது என்று காட்டுவதற்கு அங்கேயே மூன்று மியூசியங்கள் இருக்கின்றன.

ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள், அதுதான் செக்டர். செக்டர் 19ல், ஊரின் பிளானை முடிவு செய்த பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியே பெயரில் ஒரு மையம். ஊரைத் திட்டமிட்ட ஆர்க்கிடெக்டுகள் உட்கார்ந்து வேலை பார்த்த பழைய அலுவலகம் அது. செக்டர் 10ல் கட்டடக்கலை மியூசியம், 1997ல் திறந்தது. செக்டர் 5ல் பியர் ஜான்னரே வாழ்ந்த வீடு, 2017ல் மியூசியமானது. இவரும் ஆர்க்கிடெக்ட்தான், கொர்பூசியேக்கு உறவில் தம்பி முறை. மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. முதல் தடவை சரியாகத் திங்கட்கிழமை போய் இறங்கி, பூட்டிய கேட்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்ட புத்திசாலி நான்.

ஒரே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் செக்டர் 10க்குப் போங்கள். முதலில் வந்த அமெரிக்கர் ஆல்பர்ட் மேயர் போட்ட பிளான் அங்கே இருக்கிறது. விசிறி மாதிரி விரிந்து, சாலைகள் வளைந்து வளைந்து போகும். அவரோடு வேலை செய்த மேத்யூ நோவிட்ஸ்கி 1950ல் விமான விபத்தில் இறந்துபோனார். அப்புறம் வந்த கொர்பூசியே அந்த வளைவுகளை நிமிர்த்திக் கட்டம் கட்டமாக்கினார். ஒரு செக்டர் 1200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். முதலில் போட்ட பிளானையும் கடைசியில் நின்ற பிளானையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, என் மேஜைமேல் கிடக்கிற 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்' சுருள்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கட்டாமலே விட்ட கவர்னர் மாளிகையின் வரைபடங்களையும் விட்டுவிடாதீர்கள். ஜனநாயக நாட்டுக்கு இது அதிக ஆடம்பரம் என்று நேருவுக்குப் பட்டதால் கைவிட்டார்கள்.

பூசாத காங்கிரீட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா அண்ணா? சென்ட்ரிங் பிரித்த அன்றைக்கு எங்கள் சைட்டுக்கு வந்தால் நானே காட்டுவேனே. (பாலக்கோடு, மேஸ்திரி)

சிரித்துவிட்டேன் மேஸ்திரி. ஆனால் நீங்கள் போனால் என்னைவிட அதிக நேரம் நிற்பீர்கள்.

தலைமைச் செயலகம் 254 மீட்டர் நீளம். முழுக்கப் பூசாத காங்கிரீட். சென்ட்ரிங், அதாவது காங்கிரீட் வார்க்க அச்சாகக் கட்டுகிற பலகையின் வரியும் தகட்டின் இணைப்பும் அப்படியே பதிந்திருக்கின்றன. அன்றைக்குப் பெரிய இயந்திரங்கள் இல்லை. கலவையைப் பெண்கள் தலைச்சுமையாகச் சாரத்தில் ஏறிக் கொட்டினார்கள், பழைய படங்களில் பார்க்கலாம். அதனால் சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, கை மாறிய இடம் தெரிகிறது. நமக்கு அது 'ஃபினிஷிங் சரியில்லை'. கொர்பூசியே அதை மறைக்கச் சொல்லவில்லை.

அடுத்தது உயர்நீதிமன்றம், 1955ல் வந்தது. அதற்கு இரண்டு கூரை. அறைகளுக்கு மேலே ஒரு கூரை, அதற்கும் மேலே குடை பிடித்த மாதிரி பெரிய வளைவுக் கூரை, நடுவே காற்று ஓட இடைவெளி. வெயிலை மேல் கூரை வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் மொட்டை மாடிக்கு மேல் கம்பம் நட்டு ஷீட் போடுகிறோமே, கணக்கு அதேதான். நாம் அதை வீடு கட்டிப் பத்து வருடம் வெந்த பிறகு செய்கிறோம். அவர் முதல் கோட்டிலேயே போட்டுவிட்டார்.

குறையும் உண்டு. ஜன்னலுக்கு வெளியே வெயிலை மறிக்கக் காங்கிரீட்டில் ஆழமான கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். நேர் வெயில் உள்ளே வராது, சரி. ஆனால் அந்தக் காங்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்துச் சாயங்காலம் உமிழ்கிறது. பாறைமேல் உட்கார்ந்து பழகிய கிருஷ்ணகிரிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நாற்காலி விவரம் வேண்டும் ஐயா. கால் இரண்டும் வி எழுத்து மாதிரி சேர்வது எப்படி? தேக்கா? (காவேரிப்பட்டணம், தச்சர்)

தேக்கும் பிரம்புப் பின்னலும். புது ஊரில் அரசு அலுவலகம், நீதிமன்றம், கல்லூரி, நூலகம் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் மேஜை நாற்காலி தேவைப்பட்டது. வெளியிலிருந்து வரவழைக்கக் காசு இல்லை. ஜான்னரேயும் அவருடைய குழுவும் உள்ளூர்த் தச்சர்கள் கையால் செய்கிற மாதிரி வரைந்து கொடுத்தார்கள். அதனால் வளைத்துச் செதுக்கும் வேலை குறைவு, நேர்ச் சட்டங்கள்தான் அதிகம். நீங்கள் கேட்ட கால், கீழே விரிந்து மேலே கூடும், அதாவது தலைகீழ் வி போல நிற்கும். பக்கவாட்டில் ஆடாமல் இருக்க முக்கோணத்தைவிட மலிவான வழி ஏது? கைப்பிடிச் சட்டம் அதன்மேலேயே உட்கார்ந்துகொள்கிறது.

இனி வயிற்றெரிச்சலான பகுதி. பல வருடம் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து பிரம்பு கிழிந்ததும், புதிதாக ஸ்டீல் நாற்காலி வந்தது. பழையவற்றை மாடியில் குவித்து, மழையில் நனையவிட்டு, கழிவுப் பொருள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய்ச் சீராக்கி, அங்கே ஏலத்தில் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011ல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கக் கூடாது என்று ஆணை போட்டது. எந்த அலுவலகத்து நாற்காலி என்று அடையாளம் வைக்கப் பெயின்டில் எழுதிய எழுத்துகள் முதுகில் இருக்கும். அந்த எழுத்து அழியாமல் இருந்தால் அங்கே விலை கூடுதலாம். நம் ஊர்ப் பழைய அலுவலகங்களிலும் எண் எழுதிய நாற்காலிகள் கிடக்கின்றன, தூக்கிப் போடும்முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

செக்டர் 5 வீட்டில் இவற்றை அருகில் பார்க்கலாம். பெரிய மனிதர் வீடு மாதிரியே இருக்காது. செங்கல் சுவர், செங்கல்லிலேயே ஜாலி, அதாவது காற்று வர ஓட்டை விட்டுக் கட்டிய தடுப்பு. ஜான்னரே 1965 வரை அங்கேதான் இருந்தார். 1967ல் ஜெனீவாவில் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தியைச் சண்டிகர் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். கொர்பூசியே வந்து வந்து போனவர். தங்கி வேலை பார்த்தவர் இவர். என் மனசு இவர் பக்கம்தான்.

எங்கள் புத்தகத்தில் கொர்பூசியே பெயர் மட்டும்தான் இருக்கிறது. இந்தியர்கள் யாருமே இல்லையா சார்? (பர்கூர், பொறியியல் மாணவி)

நல்ல கேள்வி மா. புத்தகம் ஒருவரோடு நிறுத்திக்கொண்டது, ஊர் அப்படிக் கட்டப்படவில்லை. தலைமைப் பொறியாளர் பி.எல்.வர்மா. இங்கிலாந்திலிருந்து மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ என்ற தம்பதி மூன்று வருடம் வந்து அரசு ஊழியர் வீடுகளைப் பார்த்துக்கொண்டார்கள். முதலமைச்சரிலிருந்து பியூன் வரை சம்பளத்துக்கு ஏற்ப வகை பிரித்த வீடுகள். கீழ்மட்டத்து வீட்டுக்கும் தனிக் குளியலறை, கழிப்பறை, பின்கட்டு.

அவர்களோடு வேலை பார்த்த இளம் இந்தியர்கள் ஒரு பட்டாளம்: எம்.என்.சர்மா, ஆதித்ய பிரகாஷ், ஜீத் மல்ஹோத்ரா. நீ முக்கியமாகத் தேட வேண்டிய பெயர் யூலி சௌத்ரி. 1950களிலேயே அந்த அலுவலகத்தில் பெண் ஆர்க்கிடெக்ட். நாற்காலி மேஜை வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. பிற்பாடு ஹரியானா, பஞ்சாப் இரண்டுக்கும் தலைமை ஆர்க்கிடெக்ட் ஆனார். கட்டடக்கலை மியூசியக் கட்டடத்தையே எஸ்.டி.சர்மா என்ற இந்தியர்தான் வடிவமைத்தார். சூரிச் நகரில் கொர்பூசியே செய்த காட்சிக்கூடத்தைத் தழுவியது.

எப்படிப் போவது? எப்போது? (அரூர், ஆசிரியர்)

கிருஷ்ணகிரியில் ரயிலே கிடையாது, அந்தக் கதை வேண்டாம். பெங்களூரு போய் விமானம் ஏறுவது சுலபம். ரயில்தான் என்றால் யஷ்வந்த்பூரிலிருந்து நேரடி வண்டி உண்டு, இரண்டு நாள் ஆகும், புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச் நல்லது. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம், மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல். தலைமைச் செயலகமும் உயர்நீதிமன்றமும் இருக்கிற கேபிடல் வளாகத்துக்குள் தனியாகச் சுற்ற முடியாது. வழிகாட்டியோடு குறிப்பிட்ட நேரங்களில் கூட்டிப்போவார்கள், ஆதார் கையில் இருக்கட்டும்.

பிள்ளைகளோடு போனால் அவர்களுக்குச் சலிக்காதா அண்ணா? (கிருஷ்ணகிரி, இல்லத்தரசி)

மியூசியத்தில் அரை மணிக்கு மேல் தாங்காது அம்மா. விரித்த கை வடிவில் பெரிதாக நிற்கும் திறந்த கை சின்னத்தைக் காட்டுங்கள். 26 மீட்டர் உயரம், காற்றடித்தால் சுழலும். தெருவில் சாக்கடை மூடியைப் பார்க்கச் சொல்லுங்கள், ஊரின் வரைபடமே அதில் வார்த்திருக்கும், என் பேரன் அதன்மேல் நின்று நாங்கள் தங்கிய செக்டரைத் தேடினான். அப்புறம் நேக் சந்தின் பாறைத் தோட்டம். இவர் சாலை ஆய்வாளர். புது ஊருக்காக இடித்த கிராமங்களின் கூரை ஓடுகளையும் உடைந்த பீங்கானையும் காட்டுக்குள் சேர்த்து யாருக்கும் தெரியாமல் பல வருடம் பொம்மைகள் செய்தார். 1976ல் மக்களுக்குத் திறந்தார்கள். நேர்க்கோட்டு ஊருக்கு நடுவே இப்படி ஒரு வளைந்து நெளிந்த இடம். அந்த ஊருக்கு இடம் விட்டுப் போனவர்கள் வீட்டுத் தட்டும் கிண்ணமும்தான் அந்தப் பொம்மைகளின் மேல் ஒட்டியிருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மியூசியங்களில் இதைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆறடி மனிதன் படம் ஒன்று போட்டிருந்தீர்களே, கையைத் தூக்கிக்கொண்டு? (தருமபுரி)

அது கொர்பூசியேயின் அளவுகோல். 183 சென்டிமீட்டர் ஆள், கை தூக்கினால் 226. முதலில் 175 என்று வைத்திருந்து பிறகு உயர்த்தினார். கதவும் கூரையும் இந்த ஆளுக்கு அளந்தவை. என் மனைவி ஐந்தடி. படத்தைப் பார்த்துவிட்டு, "இவர் சமையல்கட்டு பரணில் சாமான் எடுக்க எனக்கு ஸ்டூல் வேணும்" என்றாள். அன்றிலிருந்து பிளான் போடும் முன் வீட்டுப் பெண்களின் உயரத்தையும் கேட்கிறேன்.

பவ்ஹவுஸ்தானே இதற்கெல்லாம் மூலம்? ஜெர்மனி போக வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? (ஓசூர்)

பவ்ஹவுஸ் 1919ல் வைமாரில் தொடங்கி, டெசாவுக்கும் பெர்லினுக்கும் மாறி, 1933ல் மூடிய ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளி. நான் போனதில்லை. ஆனால் 1922லேயே அதன் ஓவியர்களின் படைப்புகள் கல்கத்தாவுக்குக் கண்காட்சியாக வந்தன. இன்னொரு சங்கதி: 1958ல் அமெரிக்காவின் வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி நம் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். நல்ல வடிவமைப்புக்கு அவர்கள் காட்டிய உதாரணம் லோட்டா, அதாவது நம் சொம்பு. இடுப்பில் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படிச் சாயும், கையை விட்டுக் கழுவ முடியுமா என்று யோசித்திருக்கிறார்கள். அதன் தொடர்ச்சிதான் 1961ல் அகமதாபாத்தில் வந்த தேசிய வடிவமைப்பு நிறுவனம். ஆக, முதல் மியூசியம் உங்கள் சமையலறையில் இருக்கிறது.

பக்கத்தில் எதுவுமே கிடையாதா? (தேன்கனிக்கோட்டை)

இரண்டு. பெங்களூரு ஐ.ஐ.எம். வளாகம், ஆர்க்கிடெக்ட் பி.வி.தோஷி வடிவமைத்தது. பாரிஸில் கொர்பூசியேயிடம் வேலை பார்த்தவர், 2018ல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கியவர். காங்கிரீட்டோடு நம் ஊர்க் கருங்கல் மாதிரியே முரட்டுக் கல்லை வைத்து, நீள நீளமான நடைபாதைகள் போட்டு, மேலே கொடி படரவிட்டிருக்கிறார். நமக்குக் கல் என்றால் பாலிஷ் போட்டுக் கப்பலேற்றுவது, இல்லாவிட்டால் வேலிக்கால். அங்கே போனால் வேறு மாதிரி தெரியும்.

இரண்டாவது பாண்டிச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. ஆன்டனின் ரேமண்ட் என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைத்தது, 1930களில் வேலை தொடங்கிவிட்டது, சண்டிகருக்கு முன்னாலேயே. ஜன்னல் கண்ணாடியே இல்லை, சுவர் முழுக்கத் திறந்து மூடுகிற பட்டைகள், உள்ளே தேக்குச் சறுக்குக் கதவுகள். ஏ.சி. இல்லாமலே காற்று வருகிறது. இரண்டு இடத்துக்கும் முன் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்த மாதம் வாஸ்து பூஜை. 12 சதுரம். இதில் எதை என் வீட்டில் வைக்கலாம் சார்? (மத்தூர்)

முன்பக்க எலிவேஷனுக்குக் கண்ணாடி ஒட்டப்போவதாகச் சொன்னீர்களே, அதை நிறுத்துங்கள், அந்தக் காசை மேற்குச் சுவருக்குப் போடுங்கள். மேற்கில் படுக்கையறை வேண்டாம், படிக்கட்டும் ஸ்டோரும் போகட்டும். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடை ஒன்றரை அடியில் நிறுத்தாமல் இரண்டடியாக்குங்கள். படிக்கட்டுப் பக்கம் செங்கல் ஜாலி. கூரைமேல் இரண்டாவது கூரைக்கு இப்போதே கம்பி விட்டு வையுங்கள். பூசாத காங்கிரீட் ஆசை இருந்தால் வேண்டாம், அதற்குப் பூசுவதைவிடக் கவனமான சென்ட்ரிங் வேண்டும், செலவு கூடும்.

அடுத்த தடவை போகும்போது சொல்வீர்களா? (காவேரிப்பட்டணம், அதே தச்சர்)

பிப்ரவரியில் போகலாம் என்றிருக்கிறேன். நீங்கள் வருவதாக இருந்தால் டிக்கெட் சேர்த்தே போடுகிறேன். டேப்பும் பென்சிலும் கொண்டுவாருங்கள். தொடவிடமாட்டார்கள், கண்ணால்தான் அளக்க வேண்டும்.