கிரண்காவை விழுங்கியது எது?

கேள்வி: மும்பையில் 58 பஞ்சாலைகள் ஓடிய கிரண்காவ், 1982-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் நடத்திய வேலைநிறுத்தத்தால்தானே அழிந்தது? சங்கம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டும். உங்கள் சாட்சி பாதியில் நிறுத்திக்கொள்கிறது.

1982 ஜனவரி 18-ல் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அந்த வேலைநிறுத்தம் முடிந்ததாக யாரும் முறைப்படி அறிவிக்கவே இல்லை. அவர்கள் சாமந்திடம் போனதற்குக் காரணம் இருந்தது. 1946-ம் ஆண்டு பம்பாய் தொழில் உறவுச் சட்டப்படி, பஞ்சாலைத் தொழிலாளர் சார்பில் பேசும் உரிமை ராஷ்ட்ரிய மில் மஸ்தூர் சங்கம் ஒன்றுக்கே இருந்தது. போனஸ் விவகாரத்தில் அதன்மேல் நம்பிக்கை போனபோது, வேறு சங்கத்தைப் பேச அனுப்ப வழியில்லை. அதனால்தான் கூலி உயர்வு, பதிலி ஆட்களை நிரந்தரமாக்குவது ஆகியவற்றோடு அந்த அங்கீகாரத்தை நீக்குவதும் கோரிக்கையானது.

மில்காரர்களில் பலர் அதற்கு முன்பே பழைய எந்திரங்களை மாற்றாமல் லாபத்தை வேறு தொழில்களுக்குத் திருப்பியிருந்தார்கள். வேலைநிறுத்தக் காலத்தில் மும்பையை அடுத்த பிவண்டியின் விசைத்தறிகளில் கூலிக்கு நெய்த துணி, மில் முத்திரையோடு சந்தைக்கு வந்தது. விசைத்தறி ஓடும் சோமனூர், பல்லடம் பக்கத்துக்காரரான உங்களுக்கு அந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. சங்கு ஊதாத மில்லும் சம்பாதிக்கலாம் என்று முதலாளிகள் கண்டுகொண்டது அப்போதுதான்.

வேலைநிறுத்தம் பல மில்களை முடக்கியது, மறுக்கவில்லை. 1983 அக்டோபரில் 13 மில்களின் நிர்வாகத்தை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. ஆனால் மில் முடங்குவது வேறு, ஊர் மறைவது வேறு. பரேல், லால்பாக், வொர்லி என்று விரிந்த அந்த ஊரில் மில்களின் கையில் மட்டும் சுமார் 600 ஏக்கர் நிலம் இருந்தது. ஊரின் தலைவிதியை எழுதியது அந்த நிலம்.

1991-ல் மும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58-ம் விதி வந்தது. மில் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்காக மாநகராட்சிக்கு, இன்னொரு பங்கு வீடு கட்ட வீட்டுவசதி வாரியத்துக்கு, மீதி உரிமையாளருக்கு. 2001-ல் அதைத் திருத்தினார்கள். பங்கிட வேண்டியது மொத்த நிலத்தை அல்ல, கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் என்றாகிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 ஏக்கர் மில், அதில் 12 ஏக்கரில் கொட்டகைகள். பழைய விதிப்படி ஊருக்கு 10 ஏக்கர் வரும். திருத்திய விதிப்படி காலியாகக் கிடக்கும் 3 ஏக்கரில் 2 மட்டும். மில் என்பதே நெருக்கமாகக் கட்டிய நூற்புக்கூடங்களும் தறிக்கூடங்களும்தான், அங்கே காலி இடம் எவ்வளவு இருக்கும்? கொட்டகையை இடித்த பிறகு கிடைக்கும் நிலமும் கணக்கில் சேரும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-ல் சொன்னது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதற்கிடையே 2005-ல், அரசுடைமையான மும்பை டெக்ஸ்டைல் மில்லின் சுமார் 17 ஏக்கர் 702 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிருந்தது.

இதில் சங்கம் எங்கே எல்லை மீறியது? வேலைநிறுத்தம் தொடங்கி 19 ஆண்டுகளுக்குப் பிறகு அரசு அலுவலகத்தில் எழுதிய திருத்தம் அது. என்னைக் கேட்டால், கிரண்காவின் மரணச் சான்றிதழில் 1982 என்று அல்ல, 2001 என்றுதான் எழுத வேண்டும்.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்றும் கேளுங்கள். வீட்டுவசதி வாரியம் மில் தொழிலாளருக்காக 2012-ல் நடத்திய குலுக்கலில் 6,925 வீடுகள், ஒவ்வொன்றும் 225 சதுர அடி. விண்ணப்பித்தவர்கள் ஒன்றரை லட்சம் பேர் அளவில். 2016 குலுக்கலில் வந்த 2,417 வீடுகள் பன்வெலுக்கு அருகே கோன் கிராமத்தில் இருந்தன. பரேலில் இருந்து அது 40 கிலோமீட்டருக்கு மேல்.